பன்னிரண்டு புஷ்ஷும் ஒரு சாவியும்

எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்காமல் எனக்கு நம்பத் தெரியாது. பாத்திரக் கடைக்காரனுக்கு அதுதான் தொழில். வெண்கலப் பானையைச் சுண்டினால் அதன் யோக்கியதை சத்தத்தில் தெரிந்துவிடும். கீறல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். மனிதர்களையும் அப்படிச் சுண்டிப் பார்த்தே பழகிவிட்டேன். 1956-ல் திருநெல்வேலியிலிருந்து கிளம்பிக் கப்பலேறி, போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் கடை போட்டேன். வந்த முதல் வாரமே ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு கிடையாது என்று தெரிந்தது. மற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கே தூக்கம் போயிற்று. ஊரில் கிடைத்த பூட்டுகளில் பெரியதாக இரண்டு வாங்கினேன்.

திருநாவுக்கரசு என்று எனக்குப் பெயர். கூப்பிடுவது அண்ணாச்சி என்றுதான். வங்காளிகளும் தெலுங்குக்காரர்களும்கூட 'அண்ணாச்சி' என்று ஆரம்பித்துத்தான் இந்தியில் பேரம் பேசுவார்கள். ஆனால் இது என்னைப் பற்றி எழுதுவது இல்லை. குருநாதன் மிஸ்திரியைப் பற்றியது. என் குணத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல வழியில்லை, அதனால்தான் என்னிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு கீழே அவர் வீடு. துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். படகு, லாரி, ஜீப் எது வந்தாலும் அவர் கைக்குத்தான் போகும். நான் சொல்கிற 1972-ல் அவருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். ஜப்பான்காரர்கள் இங்கே இருந்த மூன்று வருஷத்தில், அடி வாங்கிக்கொண்டே லாரி வேலை கற்றவர். மெயின்லேண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் பேசுகிற தமிழில் பாதி இந்தி. மனைவி செல்லத்தோடு சண்டை போடும்போது மட்டும் முழு இந்தி. ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை வைப்பார். வீட்டுக்குள் இருந்தபடியே, மலையேறுகிற வண்டி யாருடையது, அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவார்.

அவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார். தாத்தா கைதியாக வந்தவர். இந்த ஊரில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. எவரிடமும் உன் தாத்தா எதற்காக வந்தார் என்று கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். எனக்கும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

1966-ல் ஊருக்குத் திரும்பிய ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து அம்பாசிடர் கார் ஒன்று வாங்கியிருந்தேன். கடல் காற்றில் இரும்பு எதுவும் நிற்காது. அதனால் இங்கே வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். இன்ஜினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலைத் தேங்காய் நாரில் தோய்த்து, வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசுவோம். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை முடிந்ததும் ஒரு தடவை என்பது ஊர் வழக்கம். நான் வாரத்துக்கு ஒரு தடவை பூசினேன். மற்றவர்கள் செய்வது எதுவுமே போதாது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தால், என் மனைவி ஜெயலட்சுமி, "பூசை ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

1972 மார்ச்சில் வண்டி பேச ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம், பிரேக் பிடித்தால் முன்னால் ஒரு சத்தம். வளைவில் வண்டி நான் சொல்கிற பக்கம் போகாமல் சற்று யோசித்துவிட்டுப் போயிற்று. குருநாதன் ஒரு கம்பியை அடியில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். ஒரே பார்வைதான்.

"புஷ் பூரா கதம், அண்ணாச்சி. முன்னாலயும் போச்சு, பின்னாலயும் போச்சு" என்றார்.

புஷ் என்பது பெரிய சமாசாரம் இல்லை. பின்னால் ஸ்பிரிங் பட்டை வண்டியோடு சேருகிற இடத்திலும், முன்னால் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, வண்டியோடு சேருகிற இடத்திலும், இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்ளாமல் நடுவே நிற்கிற ரப்பர். என் வண்டிக்குப் போட வேண்டியவை ஒவ்வொன்றும் ஓர் இரும்புக் குழலுக்குள் அடைத்த தடித்த ரப்பர் வளையமாக இருந்தன. மொத்தம் பன்னிரண்டு. போர்ட் பிளேரில் கிடைக்காது. மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும்.

கப்பலில் சமையல்காரராக இருந்த ஜம்புலிங்கத்திடம் சொல்லிவிட்டேன். அடுத்த நடையில் அவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். அவர் போனதும் பன்னிரண்டையும் எடுத்து வரிசையாக வைத்தேன். மோந்து பார்த்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. குறை தெரியாதது எனக்கு நிம்மதி தரவில்லை. இத்தனை புது சாமான் ஒரு மிஸ்திரி கைக்குப் போகிறதே, அதில் நாலை மாற்றிப் பழையதைப் போட்டுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே போய்விட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத சாமான் அது.

அப்போதுதான் என் கண் சிற்றுளியின் மேல் விழுந்தது. எங்கள் கடையில் வாங்குகிற பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டிக் கொடுப்பது நான்தான். அண்டாவாக இருந்தாலும் சரி, கரண்டியாக இருந்தாலும் சரி, புள்ளி புள்ளியாக உளியால் பேர் வெட்டாமல் எங்கள் ஜனங்கள் கடையை விட்டு இறங்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் பத்துப் பேர் பாத்திரம் கலந்து கிடந்தாலும் அவரவர் சாமானை அவரவர் எடுத்துக்கொண்டு போகலாம். பன்னிரண்டு புஷ்ஷின் இரும்பு விளிம்பிலும் சின்னதாகத் 'தி' என்று வெட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால்தான் தெரியும்.

ஜெயலட்சுமி சாப்பாடு கொண்டுவந்தவள் பார்த்துவிட்டாள். "என் நெத்தியிலயும் ஒரு 'தி' வெட்டிருங்க. யாராவது மாத்திட்டுப் போயிருவாக" என்றாள். நான் அடுத்த புஷ்ஷை எடுத்தேன். வேலையாக இருந்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருநாதன் விடிந்ததும் பையோடு வந்துவிட்டார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, மரம் அறுக்கிற மில்லிலிருந்து வந்த படாக் மரக்கட்டைகளை நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவிக்கு என்றுதான் சொன்னேன். உண்மையில் அவருடைய கை போகிற இடமெல்லாம் என் கண்ணும் போயிற்று.

நட்டுகள் வெண்ணெயாகக் கழன்றன. என் ஆயில் என்று எனக்குப் பெருமை. அவர் அப்படிச் சொல்லவில்லை. கழற்றிய பழைய ரப்பரை விரலால் நசுக்கிக் காட்டினார். "அண்ணாச்சி, உங்க ஆயில் நட்டைக் காப்பாத்திச்சு, ரப்பரைத் தின்னுடுச்சு. இனிமே அடியில பூசாதீங்க. பூசணும்னா ரப்பர் இருக்கிற இடத்தை விட்டுட்டுப் பூசுங்க" என்றார்.

ஊரே பூசுகிறது. பட்டறை வண்டிகளுக்கே பூசுகிறார்கள். இவர் மட்டும் பூசாதே என்கிறார். வண்டி துருப்பிடித்தால் யாருக்கு வேலை? மிஸ்திரிக்குத்தானே? எனக்கு உடனே இப்படித்தான் ஓடியது. சரி சரி என்று சொல்லி வைத்தேன்.

பழைய புஷ்ஷின் இரும்புக் குழல், அது உட்கார்ந்திருந்த துளையோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, ரம்பத் தகட்டை உள்ளே விட்டுக் குழலைப் பொறுமையாக அறுத்தார். மல்லாக்கப் படுத்தபடி அறுக்கிற வேலை, இரும்புத் தூளெல்லாம் முகத்தில் விழும். அப்படி அறுத்துக்கொண்டே, நான் கேட்காமலே, ஒரு விஷயம் சொன்னார். பட்டறையில் டூல் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர் மழை முடிந்ததும் ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு இவரைப் போடுவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. அக்டோபரில் சாவி இவர் கைக்கு வரும்.

"இதுல என்ன பெரிசுன்னு நினைப்பீங்க" என்றார். ரம்பத்தை நிறுத்திவிட்டார். "எங்க தாத்தா பூட்டை உடைச்ச கேஸ்ல வந்தவர், அண்ணாச்சி. சர்க்கார் எங்க குடும்பத்துல ஒரு ஆள் கையில சாவி குடுக்கிறது இதுதான் பெஹ்லா. முதல் தடவை. செல்லத்துக்கும் உங்களுக்கும்தான் சொல்லியிருக்கேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லது மிஸ்திரி என்றேன். அதே சமயம், பூட்டை உடைத்த கேஸ் என்பது காதுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பழையது எல்லாம் கழன்றதும் புதுப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று எழுந்தார். ஜெயலட்சுமி அவருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள், இலையும் போட்டாயிற்று. வேண்டாம், செல்லம் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெட்டியில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டும் இருந்தன. அப்படியும், சாப்பிடப் போகிறவருக்குப் பை எதற்கு என்று தோன்றியது.

திரும்பி வந்த பிறகு அவராக ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அத்தனை பேசியவர் மதியத்துக்கு மேல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஆளுக்கு மனசில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது சரிதான். என்ன இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வேலையிலும் எனக்கு இரண்டு இடங்கள் உறுத்தின. முதலாவது, புது புஷ்ஷை உள்ளே ஏற்றும்போது கிரீஸ் தடவவில்லை, ஆயில் தடவவில்லை. ஜெயலட்சுமியிடம் துணி சோப்புக் கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்து அந்த நுரையைத் தடவினார். ஒரு நீளமான போல்ட், ஒரு துண்டுக் குழாய், இரண்டு வாஷர். நட்டை முறுக்க முறுக்கப் புஷ் மெல்ல மெல்ல உள்ளே போய் உட்கார்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சோப்புத் தண்ணீர் என்ன மருந்து? இரண்டாவது, எல்லாவற்றையும் பூட்டியவர் ஒரு நட்டைக்கூட முறுக்காமல் லொடலொடவென்று விட்டுவிட்டு, வண்டியைக் கீழே இறக்கச் சொன்னார். என்னையும் ஜெயலட்சுமியையும் உள்ளே ஏறி உட்காரச் சொன்னார். எங்களை உட்கார வைத்துவிட்டு, அடியில் ஊர்ந்து போய் ஒவ்வொன்றாக முறுக்கினார்.

"என்ன மிஸ்திரி, இப்படி ஏறுக்கு மாறாச் செய்யுதீரு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"பாரம் ஏறின பிறகுதான் முறுக்கணும். தூக்கி வச்சு முறுக்கினா, இறக்கும்போது ரப்பர் முறுக்கிக் கிழிஞ்சிடும்" என்றார் அடியிலிருந்து. குரலில் உயிர் இல்லை.

எல்லாம் முடிந்து கை கழுவிக்கொண்டு நின்றவரிடம் கூலியை நீட்டினேன். வாங்கவில்லை. பக்கத்து வீடுதானே, இருக்கட்டும் என்றார். வற்புறுத்தினேன். தலையை அசைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு முழு நாள் முதுகு ஒடிய உழைத்தவன் கூலி வேண்டாம் என்கிறான் என்றால், அதைவிடப் பெரிய லாபம் அவனுக்கு எங்கிருந்தோ கிடைத்துவிட்டது என்று என் கடைக்கார மூளை சொல்லியது. அடுத்த ஞாயிறு வழக்கம்போல சாக்கை விரித்து ஆயில் பூசினேன். அவர் வேண்டாம் என்ற இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பூசினேன்.

நாலு மாதம் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஆகஸ்டில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், அதே 'டக்' திரும்ப வந்தது.

அந்த வாரம் நான் தூங்கியது குறைவு. முதலில் மெட்ராஸ் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஜம்புலிங்கத்தை. ஆனால் சாமானை நானே கீறிப் பார்த்திருக்கிறேன், புதுசுதான். அப்படியானால் மிச்சம் ஒரே ஆள். சாப்பாட்டுக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போன பை, மதியத்துக்கு மேல் அடைத்துப்போன வாய், வேண்டாம் என்ற கூலி. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. பையில் பழைய புஷ்களைக் கொண்டுவந்து மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். குறி இருக்கிறதா என்று பார்க்கலாமே என்றாள் ஜெயலட்சுமி. கழற்றினால்தானே பார்க்க முடியும்? கழற்றுவதற்கு அவரையே கூப்பிடவா?

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அவரே கடைக்கு வந்தார். வண்டி மலையேறும்போது சத்தம் கேட்டதாம். மழையில் நனைந்துகொண்டு, பட்டறை உடுப்போடு வந்து, வண்டியைக் காட்டுங்கள், நான் போட்ட வேலை இப்படிப் போகாது, என்னவென்று பார்க்கிறேன் என்றார். கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். பட்டறைக் கிளார்க் ஒருவரின் மனைவியும் அதில் உண்டு. என்ன தைரியம் இந்த ஆளுக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்தது போதும் மிஸ்திரி" என்றேன். "உங்க தாத்தா பூட்டை உடைச்சுத்தான் இந்த ஊருக்கு வந்தாருன்னு நீரே சொன்னீரு. அந்தக் கை உமக்கும் இருக்குன்னு எனக்கு இப்பதான் தெரியுது."

தெலுங்குக்காரர் ஒருவர் கையிலிருந்த சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். குருநாதன் கோபப்படவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது உங்ககிட்ட மட்டும் சொன்னது, அண்ணாச்சி" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

சொல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. கப்பல் வருகிற சேதி கப்பலுக்கு முன்னால் வந்துவிடுகிற ஊர் இது. இரண்டு நாளில் பட்டறைக்குப் போய்விட்டது. அங்கே யாரும் குருநாதனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால்கூடத் தேவலை. அக்டோபரில் டூல் ரூம் சாவியை வேறொருவரிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதமே லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பே என்ற இடத்துக்கு ஆள் கேட்டபோது குருநாதன் கையைத் தூக்கிவிட்டார். காடு வெட்டிக் குடியேற்றம் நடந்துகொண்டிருந்த இடம், போக யாரும் விரும்பாத இடம். செல்லம் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கள் வாசலைக் கடந்து போகும்போது ஜெயலட்சுமி வெளியே போய் நின்றாள். செல்லம் நின்று பேசவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு வைத்த கையோடு ஜெயலட்சுமி அடுக்களைக்குள் போய்விட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

வண்டியோ நாளுக்கு நாள் மோசமாயிற்று. ஊரில் இருந்த எந்த ஃபிட்டரும் என் வீட்டுக்கு வரத் தயாராக இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு நேரமில்லை. ஒருவர் மட்டும் வெளிப்படையாகவே, "நாங்க எல்லாரும் இங்கயே பிறந்த லோக்கல் ஆளுங்க, அண்ணாச்சி. எங்க தாத்தாவெல்லாம் எதுக்கு வந்தாங்கன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜம்புலிங்கத்திடம் சொல்லி மறுபடியும் புஷ் வரவழைத்தேன். இந்தத் தடவை ஒரு செட்டோடு உபரியாக இரண்டு. நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை அவர் கையைவிட்டு என் கண் அகலவில்லை அல்லவா? திருடுகிறாரா என்று பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு படியும் மனப்பாடம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரு நாளில் முடிந்த வேலை எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தது. விரல் நகம் ஒன்று போயிற்று. ஜெயலட்சுமி ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

முதல் புஷ்ஷை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தேன். விளிம்பில் என் கையால் வெட்டிய 'தி' இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. பன்னிரண்டிலும் இருந்தது.

ஜெயலட்சுமி ஒவ்வொன்றாக வாங்கி முற்றத்தில் வரிசையாக வைத்தாள். கடைசியை வைத்ததும், "எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

ரப்பரைத் தொட்டேன். ஊறிப் பெருத்து, பிசுபிசுவென்று விரலோடு வந்தது. மோந்தால் கருப்பு ஆயில் வாசம். குருநாதன் நசுக்கிக் காட்டிய பழைய புஷ்ஷும் இதே மாதிரிதான் இருந்தது. அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனாலும் என் குணம் எங்கே போகும்? உபரிப் புஷ் இரண்டில் ஒன்றை ஆயில் டப்பாவிலும் மற்றொன்றைத் தண்ணீரிலும் போட்டு மூன்று வாரம் வைத்தேன். தண்ணீரில் கிடந்தது போட்டபடியே இருந்தது. ஆயிலில் கிடந்தது குழலை மீறிப் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அந்த மாதம் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். மிஸ்திரி மேல் தப்பில்லை, ரப்பரைக் கெடுத்தது என் ஆயில்தான் என்றேன். ஆமாமா, பாவம் என்று கேட்டுக்கொண்டே பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். பட்டறைக்கும் போய்ச் சொன்னேன். பழைய விஷயம், அவரே விருப்பப்பட்டுத்தானே போனார் என்றார்கள். நான் முதலில் சொன்னது இரண்டு நாளில் ஊர் முழுக்கப் போயிற்று. திருத்திச் சொன்னது என் கடைப் படியைக்கூடத் தாண்டவில்லை. இதை இப்போது எழுதி வைப்பதற்கும் அதுதான் காரணம்.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஹட் பேக்குக் கப்பல் ஏறினேன். 'தி' வெட்டிய புஷ் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கப்பல் துறையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தகரக் கொட்டகைக்குள், ஒரு புல்டோசர் பக்கத்தில் குந்தி நட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார் குருநாதன். முகம் கறுத்து மெலிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, வாங்க அண்ணாச்சி என்றார். கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

கப்பலில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். கைக்குட்டையைப் பிரித்துப் புஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் போட்ட பன்னிரண்டும் அப்படியே இருந்தன, கெடுத்தது என் ஆயில், தப்பு முழுக்க என்னுடையது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அதில் ஒரு குறி வெட்டியிருந்தேன், அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது என்றும் சொன்னேன்.

அவர் புஷ்ஷைத் திருப்பிப் பார்க்கவில்லை. விளிம்பில் எழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தேடாமலே விரல் அங்கே போயிற்று.

"எனக்கு அன்னைக்கே மாலும், அண்ணாச்சி. தெரியும். துடைக்கும்போதே பார்த்தேன்" என்றார்.

அவர் புல்டோசரைப் பார்த்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்.

"காலையிலதான் தாத்தா கதையை உங்ககிட்ட சொன்னேன். மதியம் பெட்டியைத் திறந்தா எல்லாத்துலயும் குறி. அப்பவே வீட்டுக்குப் போயிடலாம்னுதான் பையைத் தூக்கினேன். செல்லம்தான், கழட்டிப் போட்ட வண்டியைப் பாதியில விட்டுட்டு வராதேன்னா. திரும்பி வந்து முடிச்சேன். காம் முடிக்கணும்ல, எடுத்த வேலையாச்சே. கூலி வாங்கத்தான் கை வரல."

கொட்டகைக்கு வெளியே யாரோ இந்தியில் அவரைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று குரல் கொடுத்தார். நான் எழுந்து, போர்ட் பிளேருக்குத் திரும்பி வாருங்கள், நான் யார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றேன். அவர் தலையை அசைத்தார். கூலி வேண்டாம் என்று அன்றைக்கு அசைத்த அதே அசைவு. அன்றைக்கு அதை நான் லாபம் என்று படித்திருந்தேன்.

"புதுசு போட்டீங்களே, வண்டியை இறக்கி, பாரம் ஏத்தின பிறகுதானே முறுக்கினீங்க?" என்று கேட்டார்.

"ஆமா மிஸ்திரி. ஜெயலட்சுமியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் உள்ள உக்கார வச்சுத்தான் முறுக்கினேன்."

"அச்சா" என்றார். புஷ்ஷை என் கைக்குட்டையிலேயே திரும்பச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கூப்பிட்டவர்களை நோக்கி நடந்தார்.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவர் ஹட் பேயிலேயே இருந்து, அங்கேயே காலமானார். மெயின்லேண்டைக் கடைசி வரை பார்க்கவில்லை. சாவி எதுவும் அவர் கைக்கு வரவில்லை.